சிப்பித் தோட்டமும் சால்மன் ஓடையும்

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடித் தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கலங்கலான, லேசாகப் பச்சை தட்டிய கடல் தண்ணீர். ஒன்றில் மட்டும் உயிருள்ள சிப்பிகள் பத்துப் பன்னிரண்டைப் போட்டுவிட்டுப் போய், நாலு வேலை பார்த்துவிட்டு வந்து பாருங்கள். சிப்பி இல்லாத தொட்டி போட்டது போட்டபடி இருக்கும். சிப்பி உள்ள தொட்டியிலோ தண்ணீர் தெளிந்து, பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்கும் அளவுக்கு வந்திருக்கும். அமெரிக்கக் கடற்கரை ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி செய்து காட்டும் சோதனை இது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: சிப்பி கடலைச் சுத்தம் செய்கிறது, அப்படியானால் சிப்பிப் பண்ணை எவ்வளவு வைத்தாலும் நல்லதுதானே?

சரி, அந்தப் பச்சை எங்கே போனது? தொட்டியின் அடியைக் குனிந்து பாருங்கள். நூல் நூலாக, மெல்லிய கசடு படிந்திருக்கும். சிப்பி ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அதன் செவுள்களில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியையும் மண் துகளையும் வடிகட்டுகின்றன. வடிகட்டியதை அப்படியே விழுங்குவதும் இல்லை. முறத்தில் புடைப்பதுபோலத் தரம் பிரிக்கிறது. தின்னத் தக்கது வாய்க்குப் போகும். மற்றது கோழையில் சுருட்டப்பட்டு வெளியே துப்பப்படும். தின்றதில் செரிக்காததும் கழிவாக வந்துவிடும். இவை இரண்டும் கனமானவை, உடனே அடியில் படிந்துவிடும். தண்ணீரில் நாள்கணக்கில் மிதக்க வேண்டிய ஒன்றைச் சிப்பி சில மணி நேரத்தில் தரைக்கு இறக்கிவிடுகிறது. தண்ணீர் தெளிந்த அளவுக்குத் தரை கனத்திருக்கிறது.

இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

சில உயிர்கள் ஒரு இடத்தில் குடியிருக்கும். சில உயிர்கள் அந்த இடத்தையே உண்டாக்கும். கறையான் கட்டிய புற்றில் பாம்பு குடியேறுகிறது. மண்புழு புரட்டிப் போட்ட மண்ணில் பயிர் வேர் விடுகிறது. இப்படி, இருப்பிடத்தையே மாற்றி மற்ற உயிர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கும் உயிர்களைச் சூழலியலில் 'சூழல் பொறியாளர்கள்' என்கிறார்கள். 1994ல் கிளைவ் ஜோன்ஸ், ஜான் லாட்டன், மோஷே ஷாசாக் என்ற மூன்று ஆய்வாளர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் இது. சிப்பி கடலோரத்தின் பொறியாளர். சால்மன் மீன் மலை ஓடையின் பொறியாளர். நாம் சிப்பியைப் பயிர் செய்யும்போதும், சால்மனின் வழியை மறிக்கும்போதும், அவை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் கைவைக்கிறோம். இரண்டையும் ஒரே ஊரில் வைத்துப் பார்க்க ஏற்ற இடம் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம். தலைநகரான வாஷிங்டன் வேறு, அது நாட்டின் மறுகோடி.

கடலடிக்குப் பட்டா

வாஷிங்டனின் பசிபிக் கரையில் வில்லப்பா என்றொரு விரிகுடா. கடல் உள்வாங்கும் வற்றம் வந்தால் அதன் பரப்பில் ஏறக்குறைய பாதி வெறும் சேற்றுவெளியாகத் தெரியும். கோடையில் பெரிய வற்றம் பகலில் வரும், குளிர்காலத்தில் இரவில்தான். அதனால் டிசம்பர், ஜனவரியில் சிப்பித் தொழிலாளிகள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் பூட்ஸ் சேற்றில் புதைய, நடுராத்திரியில் வேலை பார்க்கிறார்கள். நாம் தட்டில் பார்க்கும் ஒரு சிப்பிக்குப் பின்னால் அந்தக் குளிர் இருக்கிறது.

அங்கே ஆதியில் இருந்தது ஒலிம்பியா சிப்பி என்ற சின்ன நாட்டுச் சிப்பி. வளர்ந்தாலும் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். 1850களில் கலிபோர்னியாவில் தங்க வேட்டை சூடு பிடித்தபோது, சான் பிரான்சிஸ்கோவின் புதுப் பணக்காரர்களுக்காக இதைக் கப்பல் கப்பலாக அள்ளிப் போனார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் படுகை காலி. சிப்பியை மட்டும் அள்ளியிருந்தால்கூட மீண்டிருக்கும். குஞ்சுச் சிப்பி உட்கார இடமான பழைய ஓடுகளும் சேர்ந்தே போய்விட்டன. வீட்டுக்காரரை மட்டுமல்லாமல் வீட்டையும் பெயர்த்து எடுத்துப் போனதுபோல ஆகிவிட்டது.

1895ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வற்றத்தில் வெளியே தெரியும் நிலத்தைச் சிப்பி வளர்க்கத் தனியாருக்கு விற்கலாம் என்றது அது. கடலடிக்கே பட்டா! இன்றும் அங்கே பல சிப்பித் திட்டுகள் குடும்பச் சொத்தாகக் கைமாறி வருகின்றன. நாட்டுச் சிப்பி போனதும் அமெரிக்காவின் கிழக்குக் கரைச் சிப்பியைக் கொண்டுவந்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1920களில் ஜப்பானிலிருந்து பசிபிக் சிப்பி வந்தது. அதுதான் ஊன்றிக்கொண்டது. இன்று வில்லப்பாவில் சிப்பி என்றாலே அதுதான்.

ஆனால் ஜப்பானிலிருந்து சிப்பி தனியாக வரவில்லை. பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டு, சிப்பி ஓட்டில் துளை போட்டுத் தின்னும் ஒரு நத்தையும் வந்தது. ஜப்பானியக் கடற்புல்லும் வந்தது. அதற்கு முன்பே, கிழக்குக் கரைச் சிப்பியோடு வந்ததாகக் கருதப்படும் ஸ்பார்ட்டினா என்ற புல் வகை, சேற்றுவெளியில் ஆயிரக்கணக்கான ஏக்கரை மூடிப் புல்வெளியாக்கியது. சேற்றில் இரை பொறுக்கும் கரைப்பறவைகளுக்கு அதனால் மேய்ச்சல் இடம் சுருங்கியது. அதை ஒழிக்க அரசு பல ஆண்டுகள் களைக்கொல்லி அடிக்க வேண்டியிருந்தது. சிப்பி வளர்ப்பின் மிகப் பெரிய சூழல் பாதிப்பு எது என்று என்னைக் கேட்டால், சிப்பியைச் சொல்ல மாட்டேன், அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவற்றைத்தான் சொல்வேன். பண்ணையை ஒரு பருவத்தில் மூடிவிடலாம். வந்து வேரூன்றிய விருந்தாளியைத் துரத்துவது அவ்வளவு சுலபமில்லை.

தீனி போடாத பண்ணை

கடற்கரையில் பண்ணை என்றதும் நம் நாகை, தஞ்சைப் பக்கத்தவர்களுக்கு இறால் பண்ணை நினைவுக்கு வரும். உப்பேறிய வயல்களும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் மறக்கக் கூடியவை அல்ல. சிப்பிப் பண்ணையை அதோடு சேர்த்து எண்ணக் கூடாது. இறாலுக்குத் தீனி வெளியிலிருந்து கொட்டுகிறோம், மிச்சமும் கழிவும் தண்ணீரில் கலக்கின்றன. கூண்டில் வளர்க்கும் சால்மனுக்கும் அப்படித்தான். வாஷிங்டனிலேயே 2017 ஆகஸ்டில் ஒரு கூண்டுப் பண்ணை இடிந்து, அந்தக் கடலுக்கு அந்நியமான அட்லாண்டிக் சால்மன் 2 லட்சத்துக்கும் மேல் தப்பி ஓடியது. மறு ஆண்டே அந்நிய மீன்களின் கூண்டு வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் வந்தது. சிப்பிக்கு யாரும் தீனி போடுவதில்லை. கடலில் இருப்பதைத் தின்றே வளர்கிறது. அறுவடை செய்யும்போது அதன் சதையோடு கொஞ்சம் நைட்ரஜனும் கடலைவிட்டு வெளியேறுகிறது. வயல் உரமும் சாக்கடையும் கலந்து சத்து மிஞ்சிப் போன கழிமுகங்களில் இது உண்மையான உதவி.

ஒரு பெரிய சிப்பி நாளுக்கு 190 லிட்டர் தண்ணீரை வடிகட்டும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கிடைக்கும் உச்ச அளவு. குளிரில் சிப்பி வேகம் குறைந்துவிடும். வற்றத்தில் வெளியே கிடக்கும்போது ஓட்டை இறுக மூடிக்கொண்டு சும்மா இருக்கும். அதனால் அந்த எண்ணை சிப்பிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, விரிகுடாவே சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்.

அடியில் படியும் கசடு நல்லதா கெட்டதா என்பது அளவையும் ஓட்டத்தையும் பொறுத்தது. அளவாகப் படிந்தால் உரம், கடற்புல் அதில் செழிக்கும். ஓட்டமில்லாத இடத்தில் நெருக்கமாக வளர்த்தால் கசடு குவியும். அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழும். புழுக்களில்கூடச் சில வகைகள்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். ஸ்பெயினின் கலிசியாவில் 3,000க்கு மேற்பட்ட மிதவைகளிலிருந்து கயிறுகள் தொங்கவிட்டு, சிப்பியைப் போலவே தண்ணீரை வடிகட்டும் ஆளிகளை வளர்க்கிறார்கள். அந்த மிதவைகளின் அடியில் சேறு எப்படி மாறுகிறது என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. வீட்டுத் தோட்டத்தில் சாணம் போட்டவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரு கூடை போட்டால் செடி தழைக்கும், ஒரு வண்டியை ஒரே செடியில் கொட்டினால் கருகும்.

புல்லோடு ஒரு பங்காளிச் சண்டை

வில்லப்பாவில் சர்ச்சையின் மையம் தண்ணீர் இல்லை. கடற்புல்.

கடற்புல் பாசி இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள தாவரம். நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறதே, அதே இனக் கூட்டத்தைச் சேர்ந்தது. வாஷிங்டன் கரையில் வளரும் வகைக்கு நாடா போன்ற நீண்ட இலை. ஹெர்ரிங் மீன் அந்த இலையில் முட்டையை ஒட்டவைக்கும். டன்ஜனெஸ் நண்டின் குஞ்சுகள் அதற்குள் ஒளியும். ஓடையிலிருந்து கடலுக்கு இறங்கிவரும் சால்மன் குஞ்சுகள், குறிப்பாகச் சம் என்ற வகை, விரல் நீளம்கூட வளராத வயதில் அந்த இலைகளில் ஒட்டியிருக்கும் நுண்ணிய ஓட்டுயிரிகளைப் பொறுக்கித் தின்று தேறுகின்றன. நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, அந்தக் கடலுக்குக் கடற்புல் அப்படி.

புல்லுக்கு வேண்டியதும் சிப்பிக்காரருக்கு வேண்டியதும் ஒரே உயரத்தில் இருக்கும் ஒரே சேறு. அங்கேதான் சண்டை. சிப்பியைத் தரையிலேயே பரப்பி வளர்த்தால், அது பிடித்த இடத்தில் புல் குறையும். படகிலிருந்து இரும்பு வாரியை இழுத்து அறுவடை செய்தால் புல் வேரோடு பெயரும். அது திரும்ப அடர்ந்து வர, இடத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். கையால் பொறுக்கினால் சேதம் குறைவு. கம்பம் நட்டுக் கயிறு கட்டி, தரையைத் தொடாமல் வளர்த்தால் இன்னும் குறையலாம், ஆனால் கயிறுகளின் நிழல் விழும். கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில் கயிறுகளுக்கு இடையே வெவ்வேறு இடைவெளி விட்டுப் பார்த்தார்கள். நெருக்கமாகக் கட்டிய இடத்தில் புல் மெலிந்தது. பத்தடி இடைவெளி விட்ட இடத்தில் புல் ஏறக்குறைய வழக்கம்போல இருந்தது. சிப்பி அதேதான், விரிகுடாவும் அதேதான். மாறியது கயிற்றின் இடைவெளி மட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிப்பி ஓட்டுக் குவியலே ஓர் இருப்பிடம். வெறும் சேற்றில் ஒளிய இடமில்லாத நண்டுக் குஞ்சுகள் ஓட்டு இடுக்குகளில் கூட்டமாகப் பதுங்கும். இது தெரிந்துதான், பக்கத்து விரிகுடாவான கிரேஸ் ஹார்பரில் கப்பல் வழி தூர்வாரியதில் செத்த நண்டுகளுக்கு ஈடாக, சேற்றில் டன் கணக்கில் சிப்பி ஓட்டைக் கொட்டினார்கள். சேறு, புல், ஓடு மூன்றும் மூன்று விதமான வீடுகள். ஒன்று கூடினால் இன்னொன்றில் குடியிருப்பவர்களுக்கு இடம் குறையும். 'பல்லுயிர் அதிகரித்தது' என்ற ஒரு வரிச் செய்தியைப் படிக்கும்போது, எந்த உயிர், எதன் இடத்தில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சிப்பிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, சேற்றில் வளை தோண்டும் ஒரு வெளிறிய இறால். அது உழுது உழுது சேற்றைக் கூழாக்கிவிடும். மேலே கிடக்கும் சிப்பி மூழ்கி மூச்சு முட்டிச் சாகும். அந்த இறாலும் சூழல் பொறியாளர்தான், ஒரு பொறியாளரின் வேலை இன்னொரு பொறியாளரின் வேலையைக் கெடுக்கிறது, அவ்வளவுதான். இதற்காக 1963லிருந்து கார்பரில் என்ற பூச்சிமருந்தை வற்றத்தில் சேற்றின்மேல் தெளித்தார்கள். நண்டும் சேர்ந்து செத்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்து அது கைவிடப்பட்டது. மாற்றாக இமிடாகுளோப்ரிட் கேட்டார்கள். நம் ஊர் உரக்கடையில் பருத்திக்கும் நெல்லுக்கும் விற்கிறதே, அதே மருந்து. 2015ல் அனுமதி கிடைத்தது. கடலில் பூச்சிமருந்தா என்று மக்கள் கொதித்ததும், வளர்ப்பவர்களே சில வாரங்களில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி கேட்டபோது, 2018ல் மாநில அரசு மறுத்துவிட்டது. அந்த மறுப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தலைமுறையாக உழைத்த திட்டு கண்ணெதிரே கூழாவதைப் பார்த்தவர்களின் வருத்தத்தையும் நான் சிறிதாக எண்ணவில்லை.

கூயிடக் என்ற ராட்சத மட்டியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நூறு வயதைத் தாண்டி வாழக்கூடியது. குழல் போன்ற கழுத்தை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மணலுக்குள் ஆழத்தில் கிடக்கும். சீனச் சந்தையில் நல்ல விலை. வாஷிங்டனின் உள்கடலான பியூஜெட் சவுண்ட் கரைகளில் இதை வளர்க்க, சின்ன பிளாஸ்டிக் குழாய்களை மணலில் வரிசையாக ஊன்றி, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு குஞ்சுகளை விட்டு, வலை போட்டு மூடுகிறார்கள். ஓரிரு ஆண்டில் குழாயை எடுத்துவிடுவார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து, தண்ணீரைப் பீய்ச்சி மணலை இளக்கி மட்டியை உருவுவார்கள். பார்க்கவே பயமாக இருக்கும். 2007ல் மாநிலச் சட்டமன்றம் இதை ஆராயச் சொன்னது. ஆறு ஆண்டு கழித்து வந்த அறிக்கை, அறுவடை மணலில் வாழும் சிற்றுயிர்களில் உண்டாக்கிய மாற்றம் புயலும் பருவமும் உண்டாக்கும் மாற்றத்தைவிடப் பெரிதாக இல்லை என்றது. குழாயும் வலையும் இருக்கும் காலத்தில் மட்டும் அங்கே வரும் மீன், நண்டுக் கூட்டம் மாறுகிறது, எடுத்ததும் பழையபடி திரும்புகிறது. ஒரு சின்ன திட்டுக்கு இது பொருந்தும். கரை முழுக்கத் திட்டுகளாகிவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. 2019ல் ஒரு கூட்டாட்சி நீதிபதி தொட்டதும் ஏறக்குறைய அதைத்தான். வாஷிங்டனின் சிப்பிப் பண்ணைகளுக்கு மொத்தமாக அனுமதி கொடுத்த அமைப்பு, எல்லாப் பண்ணைகளும் சேர்ந்து உண்டாக்கும் பாதிப்பைச் சரியாகக் கணக்கிடவில்லை என்று தீர்ப்பளித்தார்.

சிப்பிப் பண்ணையால் கடலுக்கு வரும் ஒரு நன்மை சிப்பிக்குள்ளேயே இல்லை, அதை வளர்க்கும் மனிதரிடம் இருக்கிறது. சிப்பி தண்ணீரில் இருப்பதையெல்லாம் வடிகட்டிச் சேர்ப்பதால், தண்ணீரில் மலக் கிருமி இருந்தால் சிப்பியிலும் இருக்கும். அதே மாநிலத்தின் சமிஷ் விரிகுடாவில் மேலே மலைப்பக்கம் கனமழை பெய்தால், மாட்டுத் தொழுவக் கழிவும் பழுதான கழிவுநீர்த் தொட்டிகளின் தண்ணீரும் ஆற்றில் இறங்கும். சுகாதாரத் துறை உடனே சிப்பி எடுப்பதை நிறுத்திவைக்கும். ஆகவே மேட்டிலுள்ள ஒவ்வொரு தொழுவமும் கடைமடையில் இருக்கும் சிப்பிக்காரரின் பிரச்சினை. ஆற்றைச் சுத்தமாக வைக்கச் சொல்லி விடாமல் குரல் கொடுப்பவர்களில் அவர்களும் உண்டு. கடைமடைக்காரருக்குத்தானே தண்ணீரின் அருமை தெரியும்.

கடலை முதுகில் சுமந்து மலையேறும் மீன்

இனி ஓடைக்குப் போவோம். கடற்புல்லில் தேறிய சால்மன் குஞ்சு பெருங்கடலுக்குப் போய், சில ஆண்டுகள் தின்று பெருத்து, பிறந்த ஓடைக்கே திரும்பி வருகிறது. அப்போது அதன் உடல் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலில் சேர்த்தது. நன்னீருக்குள் வந்ததும் தீனி நின்றுவிடும். சேர்த்ததைச் செலவழித்துக்கொண்டே மேலேறும்.

முட்டையிடும் பெண் சால்மனை ஒரு நிமிடம் அருகில் பார்ப்போம். முழங்காலளவு தண்ணீர், அடியில் கூழாங்கல். அவள் ஒருக்களித்துச் சாய்ந்து, வாலை விசிறி மேலும் கீழும் அடிக்கிறாள். வால் கல்லைத் தொட்டுத் தள்ளுவதைவிட, மேலே எழும்போது உண்டாகும் உறிஞ்சல்தான் கல்லைக் கிளப்புகிறது. கிளம்பிய கல்லை ஓட்டம் கொஞ்சம் கீழே கொண்டுபோய்ப் போடுகிறது, அதிலிருந்த வண்டல் புகைபோல மேலெழுந்து கரைகிறது. குழியானதும் முட்டையிடுகிறாள், ஆண் விந்து விடுகிறது. பிறகு குழிக்குச் சற்று மேல்புறமாக நகர்ந்து மறுபடி அடிக்கிறாள். அங்கே கிளம்பிய கல் கீழே வந்து முட்டைகளை மூடிவிடுகிறது. இப்படியே பல தடவை. வால் ஓரம் தேய்ந்து வெள்ளையாகிவிடும், அப்போதும் நிறுத்த மாட்டாள்.

அவள் செய்தது உழவு. வண்டல் போனதால் கல்லுக்கு இடையே தண்ணீர் ஓடும், முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். ஆயிரக்கணக்கான மீன்கள் இதைச் செய்யும்போது ஓடையின் தரையே மாறிப்போகிறது. கனடாவின் சில ஓடைகளில், சால்மன் ஓராண்டில் நகர்த்தும் கல்லும் மணலும் வெள்ளம் நகர்த்துவதோடு ஒப்பிடத்தக்க அளவு இருப்பதாக அளந்திருக்கிறார்கள். கல்லில் ஒட்டிய பாசி சுரண்டப்படும், பூச்சிகள் இடம் பெயரும். அந்தப் பருவத்தில் ஓடைக்கு இது ஒரு சின்ன அழிவு. அதற்கடுத்த வாரமே அதே மீன்கள் செத்து, அந்த ஓடைக்கு ஆண்டின் மிகப் பெரிய உரமாகின்றன.

பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். கரடி, கழுகு, நீர்நாய், பூச்சி என்று எல்லாம் அந்த உடல்களைத் தின்னும். மீன் மலிந்திருக்கும்போது கரடி முட்டையையும் மூளையையும் மட்டும் தின்றுவிட்டு மீதியைக் காட்டுக்குள் போட்டுவிட்டுப் போகும். அதிலிருக்கும் நைட்ரஜன் மண்ணில் இறங்கி மரத்துக்குப் போகும். எப்படித் தெரியும் என்றால், நைட்ரஜனில் சற்றுக் கனமான ஒரு வகை உண்டு, கடல் மீனில் அது அதிகம். மர இலையில் அதைத் தேடினால் கடல் எவ்வளவு தூரம் ஏறிவந்திருக்கிறது என்று கணக்கிடலாம். அலாஸ்காவின் சிச்சகோஃப் தீவில் அப்படிப் பார்த்து 2001ல் வெளியிட்டார்கள். சால்மன் ஓடைக் கரை மரங்களின் இலை நைட்ரஜனில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு கடலிலிருந்து வந்திருந்தது. மரத்துக்குள் மீன்!

அணை, அதிகப் பிடிப்பு, காடழிப்பு எல்லாமாகச் சேர்ந்து சால்மன் குறைந்ததும் இந்த உர வண்டி நின்றுபோனது. 2000ல் வந்த ஒரு கணக்கின்படி, அமெரிக்காவின் வடமேற்கு ஓடைகளுக்குச் சால்மன் வழியாக முன்பு வந்த கடல் சத்தில் அப்போது வந்துகொண்டிருந்தது 6 முதல் 7 விழுக்காடுதான். சில ஓடைகளில் குஞ்சு பொரிப்பகங்களில் மிஞ்சும் செத்த மீன்களைக் கொண்டுபோய் மனிதர்களே வீசுகிறார்கள். சத்து கிடைக்கும், சரி. ஆனால் செத்த மீன் வாலால் கல்லைப் புரட்டாது.

வாஷிங்டனின் எல்வா ஆற்றில் 1913ல் ஒன்று, 1927ல் இன்னொன்று என இரண்டு அணைகள் கட்டினார்கள். மீன் ஏற வழி வைக்கவில்லை. கடலிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டருக்கு மேல் சால்மன் போக முடியாமல் ஒரு நூற்றாண்டு ஓடியது. மீன் மேலே போகாததைப் போலவே மணல் கீழே வரவில்லை. முகத்துவாரம் அரித்துப் பருங்கல்லாகி, கீழ் எல்வா கிளாலம் பழங்குடி மக்கள் மட்டி பொறுக்கிய கரை தேய்ந்துபோனது. 2011 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கி 2014 ஆகஸ்டில் முடித்தார்கள். தேங்கிக் கிடந்த கோடிக்கணக்கான கனமீட்டர் வண்டலில் பெரும்பகுதி கடலுக்கு இறங்கியது. தண்ணீர் கலங்கி, வெளிச்சம் இல்லாமல் முகத்துவாரத்துக் கடற்பாசிக் காடு அழிந்தது. பிறகு தண்ணீர் தெளியத் தெளியத் திரும்பியது. கல் கிடந்த இடத்தில் புது மணல்திட்டு எழுந்தது, டன்ஜனெஸ் நண்டு வந்து சேர்ந்தது.

அந்த ஆற்றோரத்தில் டிப்பர் என்று ஒரு சாம்பல் நிறக் குருவி உண்டு. உறையும் தண்ணீருக்குள் முங்கி, கல்லைப் பிடித்து நடந்து, பூச்சியும் மீன் முட்டையும் தேடும். அணை இருந்த காலத்தில் ஆய்வாளர்கள் அதன் இரத்தத்தைச் சோதித்தார்கள். அணைக்குக் கீழே, சால்மன் வரும் பகுதியில் இருந்த பறவைகள் கொழுகொழுவென்று இருந்தன, ஒரே பருவத்தில் இரண்டாம் முறையும் குஞ்சு பொரிக்கப் பார்த்தன. மேலே இருந்தவற்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. 2012ல் கீழ் அணை போனதும் சால்மன் மேலேறியது. ஓராண்டுக்குள் மேல்பகுதிக் குருவிகளின் இரத்தத்தில் கடலின் கனத்த நைட்ரஜன் தெரியத் தொடங்கியது. 2023 அக்டோபரில் கிளாலம் மக்கள் அந்த ஆற்றில் கோஹோ சால்மன் பிடித்தார்கள், தங்கள் சடங்குக்காகவும் சாப்பாட்டுக்காகவும், அணைகள் போன பிறகு முதல் முறையாக.